கேட்டெழுதியவர் கணக்கில் இல்லை
பாட்டு வரிகளும் பதிப்புரிமையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

ஒரு பாட்டைக் கேட்டு அதன் வரிகளைத் தாளில் எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் பாடு தெரியும். மூன்று நிமிஷப் பாட்டு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஒரு சொல்லை ட்ரம்ஸ் விழுங்கியிருக்கும். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு விகுதி காணாமல் போயிருக்கும். திரும்ப ஓட்டி, திரும்பக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, 'இதக் கொஞ்சம் கேளுங்க, உங்களுக்கு என்னன்னு படுது?' என்று நச்சரித்து, கடைசியில் ஒரு வரி கைக்கு வரும். இந்த வேலைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. பாட்டை எழுதியவருக்குப் பெயர் உண்டு. மெட்டமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவை வைத்திருக்கிற கம்பெனி, எழுதியவரிடமிருந்து வரிகளை வாங்கிக்கொண்ட பதிப்பாளர் என்று எல்லோருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேட்டு எழுதியவருக்கு மட்டும் இடம் கிடையாது.

'பாட்டு வரிதானே, இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். நிலம், நீர், விதை என்று பறிபோவதற்கு எவ்வளவோ இருக்கையில் இது அற்ப விஷயமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கூலியில்லாமல், மனம் ஒப்பி, கூட்டாகச் செய்யப்படும் உழைப்பு எப்படி வேலியடைக்கப்படுகிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான வரலாறு கிடைப்பது அரிது. ஆங்கிலப் பாட்டுகளின் வரிகளையும் விவரங்களையும் பொதுத் தொகுப்புகளில் எழுதிச் சேர்த்தவர்களின் கதை அது. பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. அவர்கள் முதலில் திருடர்கள் எனப்பட்டார்கள். பிறகு சம்பளமில்லாத வேலைக்காரர்கள் ஆனார்கள். கடைசியில், உங்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லை என்று நீதிமன்றத்தின் வாயால் சொல்லக் கேட்டார்கள். இந்த மூன்று கட்டங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

2

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இது தொடங்கிவிட்டது. நம் ஊர்த் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மட்டமான தாள், பாதிக் கதை, மீதியை வெள்ளித்திரையில் காண்க. ஏறக்குறைய அதே மாதிரியான பாட்டுத்தாள்கள் 1930களில் அமெரிக்க நகரத் தெருக்களில் விற்றன. மெட்டுக் குறிப்போடு முறையாக அச்சான தாளை வாங்கப் பியானோ வைத்திருப்பவன் போவான். மற்றவர்களுக்கு வரி மட்டும் போதும். வானொலியில் கேட்டதைக் கூடவே பாட வேண்டும், அவ்வளவுதான். பதிப்பாளர்களின் அனுமதி இல்லாமல் அச்சான இந்தத் தாள்களை விற்ற தெரு வியாபாரிகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

ஜான் சான்டாஞ்சலோ என்பவரின் கதை இதில் முக்கியமானது. இத்தாலியிலிருந்து வந்து கொத்தனார் வேலை பார்த்தவர். 1931இல் பாட்டு வரிகளை அச்சடித்து விற்கத் தொடங்கினார், நன்றாக ஓடியது. 1934இல் பதிப்புரிமையை மீறியதாக ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றார். சிறையில் ஒரு வழக்கறிஞரின் பழக்கம் கிடைத்தது. 1935இல் இருவரும் கூட்டுச் சேர்ந்து, அதே தொழிலைப் பதிப்பாளர்களிடம் அனுமதி வாங்கிச் செய்ய ஆரம்பித்தார்கள். 'ஹிட் பரேடர்', 'சாங் ஹிட்ஸ்' என்ற பாட்டுப் பத்திரிகைகள் அவர்களுடையவை. பின்னாளில் காமிக்ஸ் வெளியிட்ட சார்ல்ட்டன் நிறுவனமும் இங்கிருந்தே கிளைத்தது.

இதில் ஓர் அச்சு இருக்கிறது. முதலில் தண்டனை, பிறகு உரிமம். நேற்றுவரை குற்றமாக இருந்தது கட்டணம் கட்டிய மறுநாள் தொழிலாகிவிடுகிறது. செய்கிற காரியம் மாறவில்லை. பங்கு யாருக்குப் போகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. இணையத்தில் நடந்ததும் இதே அச்சில் வார்த்ததுதான். ஒரு வித்தியாசம் உண்டு. சான்டாஞ்சலோ வியாபாரி. உரிமம் கிடைத்ததும் அவர் பிழைத்துக்கொண்டார். இணையத்தில் எழுதியவர்கள் வியாபாரிகள் அல்ல. எனவே அங்கே வந்த உரிமம் அவர்களைத் தாண்டி வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்தது.

3

1992இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் இணையக் கிட்டார்க் காப்பகம் தொடங்கப்பட்டது. காதால் கேட்டு, எந்தக் கம்பியில் எந்தக் கட்டையில் விரல் வைப்பது என்பதைச் சாதாரண எழுத்துகளாலும் எண்களாலும் குறித்து, வரிகளையும் சேர்த்து, ஆளுக்கொரு பாட்டாக அனுப்பினார்கள். யாருக்கும் காசு கிடையாது. 1996இல் பெரிய இசைப் பதிப்பு நிறுவனமொன்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியது. காப்பகம் வேறு இடத்தில் முளைத்தது. 1998இல் பதிப்பாளர்களுக்காக உரிமத் தொகை வசூலிக்கும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சி மறுபடியும் மிரட்டியது. இப்படி மூடித் திறந்து, மூடித் திறந்து, 2006இல் பதிப்பாளர் சங்கங்களின் கடிதத்துக்குப் பிறகு ஒரேயடியாக மூடப்பட்டது.

எழுதியவர்கள் தரப்பில் ஒரு வாதம் இருந்தது. 'நான் எதையும் பிரதி எடுக்கல. என் காதுக்குக் கேட்டத எழுதினேன். தப்பா இருந்தா அது என் தப்பு, சரியா இருந்தா அது என் உழைப்பு.' கிட்டார்க் குறிப்பைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் நியாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிகளுக்கு வரும்போது வாதம் பலவீனமாகிறது. நன்றாகக் கேட்டு எழுத எழுத, எழுதியது மூலத்தோடு ஒன்றிப்போகிறது. வேலை எவ்வளவு செம்மையாக அமைகிறதோ அவ்வளவுக்கு அதன் தடயம் அழிகிறது. பிழை மட்டுமே கேட்டெழுதியவரின் கையெழுத்து.

ஸ்விட்சர்லாந்திலிருந்து இயங்கிய சர்வதேசப் பாட்டுவரித் தளம் அடுத்த உதாரணம். உலகெங்கும் இருந்து ஆட்கள் எழுதி அனுப்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளின் வரிகள் அதில் இருந்தன. 1999 ஜனவரியில் அமெரிக்க இசைப் பதிப்பாளர்களின் புகாரின் பேரில் போலீஸ் சோதனை நடத்திக் கணினிகளைப் பறிமுதல் செய்தது. பின்னர் தளம் பதிப்பாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டு திரும்ப வந்தது. 1934இன் சிறையும் 1935இன் அனுமதியும் இங்கே ஓராண்டுக்குள் நடந்து முடிந்தன. ஆனால் உடன்படிக்கை மேஜையில் உட்கார்ந்தவர்கள் இருவர்: தளமும் பதிப்பாளரும். ஒரு லட்சம் பாட்டுகளை எழுதியவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

4

இந்த இடத்தில் வரிகளை விட்டுச் சற்று விலகி, பக்கத்து வீட்டில் நடந்ததையும் பார்த்துவிட வேண்டும். 1990களில் கணினியில் ஒரு இசைத்தட்டைப் போட்டால் பாட்டுகளின் பெயர் தெரியாது. பெரும்பாலான தட்டுகளில் அந்த விவரம் பதியப்படவே இல்லை. முதலில் கேட்டவர் பெயர்களைத் தட்டச்சு செய்து சிடிடிபி என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்புவார். அடுத்துப் போடுபவருக்குப் பெயர்கள் தாமாகவே வரும். லட்சக்கணக்கான தட்டுகள் இப்படித்தான் பெயர் பெற்றன. 1998இல் இந்தத் தொகுப்பை ஒரு கம்பெனி வாங்கியது. 2000இல் அது கிரேஸ்நோட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2001இல் உரிமம் வாங்காத மென்பொருள்களுக்குத் தொகுப்பு மறுக்கப்பட்டது. தான் தட்டச்சு செய்த பெயரைத் தன் கணினியில் பார்க்க, ஒரு கம்பெனியின் அனுமதி தேவைப்பட்டது. 2008இல் சோனி சுமார் 26 கோடி டாலருக்குக் கிரேஸ்நோட்டை வாங்கியது.

அங்கே எழுதியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பழைய தொகுப்பின் பிரதியைக் கொண்டு ஃப்ரீடிபி என்ற மாற்றைத் தொடங்கினார்கள். 2000இல் மியூசிக்பிரைன்ஸ் உருவானது. அதன் அடிப்படை விவரங்கள் எவரும் எடுத்தாளும்படி பொதுவில் விடப்பட்டுள்ளன. 2004இல் அதற்கென்று லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆக, பறிகொடுத்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டு, இனி யாரும் விற்க முடியாதபடி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த வீட்டிலும் பாட்டு வரிகளுக்கு இடமில்லை. உரிமம் பெற்ற தளங்களுக்கு இணைப்புக் கொடுக்கலாம், வரிகளை எழுதக் கூடாது. காரணம் எளிது. பாட்டின் பெயர், நீளம், வெளிவந்த ஆண்டு இவையெல்லாம் தகவல்கள். தகவலுக்கு எஜமானன் கிடையாது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தொலைபேசி டைரக்டரி வழக்கில் (ஃபைஸ்ட் வழக்கு) இதைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டது: நெற்றி வியர்வை சிந்தித் தொகுத்தார் என்பதற்காக ஒருவருக்குப் பதிப்புரிமை வந்துவிடாது, படைப்பாற்றலின் பொறி கொஞ்சமாவது வேண்டும். 2007இல் இந்திய உச்ச நீதிமன்றமும் சட்டத் தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கில் வெறும் உழைப்பு போதாது என்ற நிலைக்கே வந்தது. வரிகளோ தகவல் அல்ல, படைப்பு. தகவலைத் தொகுத்தவர் தப்பிக்க வழி இருந்தது. படைப்பைக் கேட்டெழுதியவருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

5

2006 ஏப்ரலில் லிரிக்விக்கி தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒருவர் எழுதிய வரியில் இன்னொருவர் ஒரு சொல்லை மாற்றுவார், மூன்றாமவர் அதை மறுப்பார், விவாதப் பக்கத்தில் சண்டை நடக்கும். முன்பு தனித்தனியாக நடந்த காது வேலை இங்கே கூட்டுக் காதாக மாறியது எனலாம். பிற மென்பொருள்கள் வரிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு வாசலும் இருந்தது. எங்கோ ஒருவர் தன் கணினியில் பாட்டைப் போட்டால், இன்னொருவர் எழுதிய வரிகள் திரையில் வந்து நிற்கும்.

2009இல் மூன்று காரியங்கள் நடந்தன. பதிப்பாளர்கள் தளத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். தளம் விக்கியா என்ற நிறுவனத்தின் கீழ்ப் போனது. உரிமம் வந்தது. உரிமத்தை இடையில் நின்று வாங்கித் தந்தது யார் என்றால், நாம் ஏற்கனவே பார்த்த அதே கிரேஸ்நோட்! பாட்டுப் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்களின் உழைப்பில் முளைத்த கம்பெனி, பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்தவர்களின் தளத்துக்குத் தரகராக வந்து நின்றது. சரித்திரம் சில சமயம் இப்படி வெட்கமில்லாமல் எழுதப்படுகிறது.

'அப்ப பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?' என்று கேட்கத் தோன்றும். போலீஸ் பயம் தீர்ந்தது, உண்மை. வேறொன்று தொடங்கியது. வெளி மென்பொருள்களுக்கான வாசலில் முழு வரிகள் நிறுத்தப்பட்டு, ஒரு துணுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. பக்கத்தின் உள்ளே வரிகள் எழுத்தாக இல்லாமல் எண்குறிகளாக மாற்றி வைக்கப்பட்டன, எவரும் இயந்திரத்தால் அள்ளிவிடக் கூடாதாம். உரிமம் கிடைக்காத பாட்டுகளின் பக்கங்களில் வரிகள் நீக்கப்பட்டு, காட்ட அனுமதியில்லை என்ற அறிவிப்பு வந்தது. நேற்று இரவு உட்கார்ந்து எழுதியவர் இன்று வந்து பார்த்தால் அங்கே ஒரு மன்னிப்பு வாசகம். திரும்ப எழுதவும் வழியில்லை.

இந்த எரிச்சலைச் சிலர் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. தடை என்பது வெளியிலிருந்து வரும்போது எதிர்க்கலாம், ஓடலாம், வேறு இடத்தில் முளைக்கலாம். கிட்டார்க் காப்பகம் பதினான்கு ஆண்டுகள் அப்படித்தான் இழுத்துப் பிடித்தது. உரிமம் அப்படியல்ல. அது வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எழுதலாம், நன்றாக எழுதலாம், ஆனால் எடுத்துப்போக முடியாது என்று சொல்கிறது. பிற விக்கிகளில் எழுதுபவர்களுக்குப் பிரிந்து போகும் உரிமை உண்டு. நிர்வாகம் பிடிக்கவில்லையென்றால் உள்ளடக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் கடை விரிக்கலாம். கூட்டு உழைப்பின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். இங்கே உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருந்தது, எழுதியவர்கள் பெயரில் இல்லை. எனவே பிரிந்து போக நினைத்தவர் வெறுங்கையோடு போக வேண்டும். 2016இல் வாசலும் அடைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் தளமே மூடப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அங்கே இருந்தன.

6

கடைசிக் கட்டம்தான் விசித்திரம். 2009இல் தொடங்கிய ராப் ஜீனியஸ் தளத்தில் வரிகளோடு அவற்றுக்கு உரையும் எழுதினார்கள், நம் உரையாசிரியர்கள் போல வரிக்கு வரி. எழுதியவர்களுக்குப் பணமில்லை, புள்ளிகள் உண்டு. 2013 நவம்பரில் அமெரிக்க இசைப் பதிப்பாளர்களின் தேசியச் சங்கம் உரிமமில்லாத 50 தளங்களின் பட்டியலை வெளியிட்டபோது இதற்குத்தான் முதலிடம். வழக்கம்போல, உடன்பாடு வந்தது. தளம் ஜீனியஸ் ஆனது.

சில ஆண்டுகளில் ஜீனியஸ் ஒரு சந்தேகத்தில் விழுந்தது. கூகுளில் பாட்டுப் பெயரைத் தேடினால், தளத்துக்குப் போகாமலே வரிகள் அங்கேயே தெரிகின்றன. அவை நம்மிடமிருந்து எடுத்தவையா? இதைக் கண்டுபிடிக்க ஒரு பொறி வைத்தார்கள். வரிகளில் வரும் மேற்கொற்றைக் குறியை நேராகவும் வளைவாகவும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அவற்றை மோர்ஸ் தந்திக்குறியாகப் படித்தால், 'கையும் களவுமாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். அந்தக் குறிகள் அப்படியே கூகுளில் தென்பட்டன. கூகுள், வரிகளை உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்குவதாகச் சொன்னது. 2019இல் ஜீனியஸ் வழக்குப் போட்டது. 2020இல் வழக்கு தள்ளுபடியானது. 2022இல் மேல்முறையீடு தோற்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

நீதிமன்றத்தின் தர்க்கம் இதுதான். ஜீனியஸ் கேட்பது, சாரத்தில், வரிகளைப் பிரதியெடுப்பதைத் தடுக்கும் உரிமை. அந்த உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருவது, பாட்டின் உரிமையாளருக்கு உரியது. ஜீனியஸ் உரிமையாளர் அல்ல. தள விதிகளை மீறினார்கள் என்று ஒப்பந்தச் சட்டத்தின் வழியே சுற்றி வந்தாலும் அதே சுவரில்தான் முட்ட வேண்டும். ஆகக் கேட்டெழுதும் உழைப்பு என்ற ஒன்று சட்டத்தின் பார்வையில் இல்லை.

ஜீனியஸ் தோற்றதில் நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அதுவும் ஒரு கம்பெனி. 2021இல் 8 கோடி டாலருக்குக் கைமாறியது. கவனிக்க வேண்டியது வேறு. எழுதியவர்களிடம் 'இது உங்களுடையதல்ல' என்று எந்த வாதத்தைச் சொல்லிப் பழகினார்களோ, அதே வாதம் கம்பெனி மேலேயே திரும்பியது. தன் தளத்தில் நடந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று கம்பெனி நீதிமன்றத்தில் கூவியபோது, அந்த உழைப்பைச் செய்தவர்கள் வழக்கில் கட்சிக்காரர்களாகக்கூட இல்லை. இன்றைக்கும் இந்த உழைப்பு நின்றுவிடவில்லை. 2021இல் ஸ்பாட்டிஃபை உலகெங்கும் காட்டத் தொடங்கிய வரிகள், இத்தாலியின் மியூசிக்ஸ்மேட்ச் வழியாக வந்தவை. அங்கும் கேட்டெழுதுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கும் புள்ளிகள்தாம்.

7

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்டெழுதியவர்களின் பக்கமும் ஒரு கேள்வியை வைக்காமல் போனால் அது நேர்மையாகாது. லிரிக்விக்கியில் பக்கங்கள் பாடகர் அல்லது குழுவின் பெயரில் அடுக்கப்பட்டன. பாட்டை எழுதியவர் யார் என்பது அந்த அடுக்கில் இல்லை. எங்கள் உழைப்பை மறைத்துவிட்டார்கள் என்று குமுறியவர்களே கவிஞரை மறைத்தார்கள். 2013 பட்டியலைத் தயாரித்தவர் பல்கலைக்கழக ஆய்வாளராகவும் இருந்த டேவிட் லோவரி, அவரே பாட்டெழுதிப் பாடுகிறவர். பாட்டெழுதிப் பிழைப்பவனின் கோபமும் பொய்யல்ல. 'ஆசிரியன் என்பவன் யார்?' என்று 1969இல் ஃபூக்கோ கேட்டபோது, ஆசிரியன் என்ற பெயர் பிரதியின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு செயல்பாடு என்று காட்டினார். நாம் அதை வாசித்துவிட்டு, ஆசிரியன் ஒழிந்தான் என்று கொண்டாடினோம். ஆசிரியன் நின்ற இடத்தில் பதிப்பாளரும் தரகரும் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்கத் தவறினோம்.

நமக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பாரதியின் பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். வசம் இருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதை ஒட்டித் தகராறு எழுந்தது. பாரதியின் பாட்டு யார் சொத்து என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கேட்டார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது, ஏவி.எம். தன்வசம் இருந்ததைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் படைப்புகள் 1993இல் நாட்டுடைமை ஆயின. பாட்டைப் பாடிப் பரப்பியவர்களுக்கும் பாட்டின் மேல் ஒரு தார்மீக உரிமை உண்டு என்பதை இங்கே ஒரு சமூகம் பேசி, போராடி, ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறது. அது இறந்துபோன கவிஞர்களுக்குச் சரி. உயிரோடு இருந்து பாட்டெழுதிச் சாப்பிடுபவர்களுக்கு நாட்டுடைமை விடையாகாது என்பதும் உண்மை.

எனவே கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. வரிகளின் தலைமாட்டில் எழுதிய கவிஞரின் பெயர் இருக்கட்டும், கால்மாட்டில் கேட்டெழுதியவரின் பெயர் இருக்கட்டும். காசுக்கு விற்கிற இடத்தில் கவிஞருக்குப் பங்கு போகட்டும். காசில்லாமல் எழுதிப் படிக்கிற இடத்தில் போலீஸ் வராமல் இருக்கட்டும். உரிமம் என்று ஒன்று எழுதப்பட்டால், எழுதியவர் தான் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையும் அதில் எழுதப்படட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை பாட்டு வரிகளோடு நிற்பதல்ல. அகராதிக்குச் சொல் சேர்ப்பவர்கள், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றுபவர்கள், வரைபடத்தில் தெருப்பெயர் குறிப்பவர்கள் என்று நம்மிலும் பலர் இன்று ஏதோ ஒரு பொதுத் தொகுப்புக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறோம். தொடங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: நாளைக்கு இதை யாராவது விற்றால், நான் எழுதியதை என்னால் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

முடியாது என்றால், முதல் வரியை எழுதுவதற்கு முன்னாலேயே சண்டையைத் தொடங்கிவிட வேண்டும். பத்து லட்சம் பக்கங்கள் எழுதிய பிறகு தொடங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்துவிட்டோம்.